அஞ்சடியில் அமர்ந்தவர்கள்: ஜாலான் புசாரில் வேடிக்கை பார்த்தலின் வரலாறு

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் ‘அஞ்சடி’ என்றொரு சொல் வழங்குகிறது. கடைவீடுகளின் தரைத்தளத்தில், தெருவுக்கும் கடை வாசலுக்கும் நடுவே, மேல்மாடியின் நிழலில் தொடர்ச்சியாக ஓடும் நடைவழியை அது குறிக்கும். கடைவீடு என்பது கீழே கடையும் மேலே குடியிருப்புமாக, பக்கச் சுவர்களை அண்டை வீட்டோடு பகிர்ந்துகொண்டு வரிசையாக நிற்கும் கட்டட வகை. மலாய் மக்கள் அந்நடைவழியைக் ‘காக்கி லீமா’ என்றும், ஹொக்கியன் சீனர் ‘கோ கா கீ’ என்றும் அழைத்தனர். மூன்று பெயர்களும் ஐந்து அடி என்னும் ஒரே அளவையே சொல்கின்றன, உண்மையான அகலம் இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் பெயர் மாறவில்லை. இந்த நடைவழியில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டோ, வெறுந்தரையில் குந்தியோ, தூணில் சாய்ந்தோ தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர்களின் வரலாறு ஒரு நகரத்தின் வரலாற்றில் சிறு பகுதி அன்று. ஜாலான் புசார் வட்டாரத்தைப் பொறுத்தவரை, அதுவே வரலாற்றின் பெரும்பகுதி என்று சொல்லலாம்.

தமிழில் இச்செயலுக்கு ‘வேடிக்கை பார்த்தல்’ என்று பெயர். நடப்பதில் தலையிடாமல், அதனால் ஒரு பயனையும் கருதாமல், கண்ணெதிரே நடப்பதைக் கண்டுகொண்டிருத்தல் என்று அதற்குப் பொருள் கூறலாம். வேலையை விட்டு வேடிக்கை பார்க்கிறான் என்று ஏசும்போது அச்சொல் சோம்பலைக் குறிக்கிறது. திருவிழா வேடிக்கை என்னும்போது அதே சொல் மகிழ்ச்சியைக் குறிக்கிறது. ஒரே சொல்லில் பழியும் இன்பமும் சேர்ந்திருப்பது தற்செயல் அன்று, ஏனெனில் உட்கார்ந்து பார்ப்பவரை அரசும் முதலாளியும் ஒருவிதமாகவும், அவரோடு சேர்ந்து உட்கார்பவர் வேறு விதமாகவும் பார்த்தே வந்திருக்கின்றனர்.

தமிழகத்தில் இந்த வழக்கத்துக்கு இடம் தந்தது திண்ணை. வீட்டின் முன்புறம், கூரைத் தாழ்வாரத்தின்கீழ், தெருவை நோக்கி மேடாகக் கட்டப்பட்ட அவ்விருக்கையில் வழிப்போக்கர் இளைப்பாறினர். மாலையில் வீட்டார் ஊர்க்கதை பேசினர். பகலில் அதே மேடையில் ஆசிரியர் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்தும் எண்ணும் கற்பித்ததால் அத்தகைய பள்ளிகளுக்குத் திண்ணைப் பள்ளிகள் என்றே பெயர் நின்றது. ஆனால் திண்ணையைப் பற்றி ஏக்கத்தோடு மட்டும் பேசுவது முழு உண்மையாகாது. அது வீட்டுக்காரரின் உடைமை. அதில் யார் உட்காரலாம், யார் தெருவில் நிற்க வேண்டும், யார் அத்தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி முடிவு செய்தது. அஞ்சடி இந்த ஓர் இடத்தில் திண்ணையினின்று அடிப்படையிலேயே வேறுபட்டது. நிலம் கட்டட உரிமையாளருடையது, நடக்கும் உரிமையோ ஊராருடையது என்னும் இரட்டை நிலையை அதற்குச் சட்டம் கொடுத்திருந்தது.

அச்சட்டத்தின் தொடக்கம் 1822. ஸ்டாம்ஃபர்டு ராஃபிள்ஸ் அவ்வாண்டு நவம்பரில் நகரக் குழுவுக்கு அளித்த அறிவுறுத்தல்களில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே சீரான முகப்போடு அமைய வேண்டும் என்றும், தெருவின் இருமருங்கிலும் எந்நேரமும் திறந்திருக்கும் தொடர்ச்சியான கூரையிட்ட நடைவழி இருக்க வேண்டும் என்றும் விதித்தார். வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும் ஊரில் மக்கள் நனையாமல் நடப்பதற்கான ஏற்பாடு அது. உட்காருவதைப் பற்றி அவ்விதி ஒன்றும் பேசவில்லை. நடப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தை உட்காருவதற்கும் உரியதாக்கிக் கொண்டவர்கள் குடியேறிய மக்களே. திருக்கோவலூர் இடைகழியில் மழைக்கு ஒதுங்கிய முதலாழ்வார் மூவரும், ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று இடத்தைப் பகிர்ந்துகொண்ட கதையைத் தமிழர் அறிவர். அஞ்சடியின் கணக்கும் ஏறத்தாழ அதுவே. பகலில் பலர் நிற்கவும், மாலையில் சிலர் இருக்கவும், இரவில் ஒருவர் படுக்கவும் அந்த ஐந்தடி இடம் தந்தது.

ஜாலான் புசார் என்பது மலாய்ப் பெயர். பெரிய சாலை என்பது அதன் பொருள். 1830களில் நோரிஸ் சகோதரர்கள் இப்பகுதியில் நிலம் வாங்கியபோது அது பெரிய சாலையாக இல்லை. பழத்தோட்டங்களுக்கும் பாக்கு மரங்களுக்கும் நீப்பா என்னும் நீர்ப்பனைகளுக்கும் ஊடே சென்ற ஒரு காட்டுத்தடமாகவே இருந்தது. அதைச் சுற்றிலும் ரோச்சோர் ஆற்றின் சதுப்பு பரந்திருந்தது. வடக்கு எல்லையில் இருந்த காய்கறித் தோட்டங்களில் மனிதக் கழிவே உரமாக இடப்பட்டதால் நாற்றம் தாங்காத தெருவுக்கு 1858இல் லவெண்டர் என்னும் நறுமணச் செடியின் பெயரைச் சூட்டினர். மேற்கே சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டுத் தொழுவங்கள் பெருகின. எருமைத் தொழுவம் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ், பசுவையும் எருதையும் குறிக்கும் லெம்பு சாலை, எருமையைக் குறிக்கும் கெர்பாவ் சாலை ஆகிய பெயர்கள் அத்தொழிலின் எச்சங்கள். சுண்ணாம்புச் சூளைகளால் பெயர்பெற்ற கம்போங் கப்போரைத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றே அழைத்தனர். கம்பம் என்பது கம்போங் என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். சிற்றூர் என்பது பொருள்.

சதுப்பு சிறிது சிறிதாகத் தூர்க்கப்பட்டு, முதல் உலகப்போருக்குப் பின் புதிய தெருக்கள் வெட்டப்பட்டபோது, அவற்றுக்குப் போர்த் தளபதிகளின் பெயர்களும் போர்க்களங்களின் பெயர்களும் இடப்பட்டன: கிச்சனர், பெத்தேன், டிரிட், மாட், டவுன்ஷெண்ட், வெர்டன், மார்ன். இவற்றுள் டவுன்ஷெண்ட் என்பவர் மெசபொத்தேமியாவில் கூட் என்னும் ஊரில் 1916 ஏப்ரலில் துருக்கியரிடம் சரணடைந்த படையின் தலைவர். அப்படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சிறைப்பட்ட சிப்பாய்களில் எவர் பெயரும் எந்தத் தெருவுக்கும் இல்லை. அத்தெருக்களில் எழுந்த கடைவீடுகளின் அஞ்சடியில்தான் பின்னாளில் இந்தியத் தொழிலாளிகள் அந்திப் பொழுதைக் கழித்தனர். பெத்தேன் சாலையில் 1930 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட 18 வரிசை வீடுகள் பூவேலைப்பாடு கொண்ட ஓடுகளோடும் தூண்களோடும் இன்றும் நிற்கின்றன. அவற்றின் அஞ்சடித் தூண்களுக்கிடையே நின்று பார்த்தால், ஐரோப்பிய அலங்காரமும் சீன உருவங்களும் மலாய் மரவேலையும் ஒரே முகப்பில் கலந்திருப்பதைக் காணலாம்.

அஞ்சடியில் உட்காரும் உரிமை எளிதாகக் கிடைத்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கடைக்காரர்கள் தங்கள் சரக்கையும், பெட்டிக்கடைக்காரர்கள் தங்கள் பலகையையும், கைவினைஞர்கள் தங்கள் பட்டறையையும் அந்நடைவழியில் பரப்பினர்; நகராட்சி அதை அடைப்பு என்றும் சுகாதாரக் கேடு என்றும் கருதியது. 1887ஆம் ஆண்டின் நகராட்சிச் சட்டம் அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்ததும், நகராட்சித் தலைவராக இருந்த மருத்துவர் டி. ஐ. ரோவெல் அஞ்சடிகளைக் காலி செய்யும் பணியில் கடுமையாக இறங்கினார். 1888 பிப்ரவரியில் கடைகள் அடைக்கப்பட்டன, டிராம் வண்டிகள் மீது கல் வீசப்பட்டது, சில நாள்கள் நகரம் முடங்கியது. வரலாற்று நூல்கள் இதை வராந்தா கலவரம் என்று குறிக்கின்றன. முடிவில் ஏற்பட்டது ஒரு சமரசம்: மக்கள் நடந்து செல்லும் அளவுக்கு வழி விட்டால் மீதி இடத்தில் பொருள் வைத்துக்கொள்ளலாம். எழுதப்பட்ட சட்டம் தோற்கவும் இல்லை, முழுதாக வெல்லவும் இல்லை; வாழ்க்கை வழக்கம் அதற்குள் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த ரோவெலின் பெயரைத் தாங்கிய சாலை ஜாலான் புசாரையும் சிராங்கூன் சாலைப் பக்கத்தையும் இணைத்துக் கொண்டு இன்றும் இருக்கிறது. சிங்கப்பூரில் அஞ்சடி வாழ்க்கை நெடுங்காலம் உயிரோடிருந்த தெருக்களில் அதுவும் ஒன்று.

அதே 1888ஆம் ஆண்டில் தமிழ் எழுத்தில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். சி. கு. மகுதூம் சாயபு 1887 முதல் நடத்திவந்த ‘சிங்கைநேசன்’ இதழில் ‘விநோத சம்பாஷணை’ என்னும் ஆக்கம் வெளிவந்தது. ஆய்வாளர் நா. கோவிந்தசாமி அதையே சிங்கப்பூர்த் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கமாகக் கருதினார். சம்பாஷணை என்றால் உரையாடல். இந்நகரின் தமிழ்க் கதை மரபு உரையாடலில் தொடங்கியதாகக் கொள்ளப்படுவது, இம்மரபு காதால் கேட்பதிலும் கண்ணால் காண்பதிலும் வேர் கொண்டது என்பதற்குத் தக்க சான்று. தெருப்பேச்சை நின்று கேட்டவரே அதை அச்சில் ஏற்ற முடியும்.

அஞ்சடியில் அமர்ந்தவர் யாவரும் வேலையின்றி இருந்தவர் அல்லர். சுவரில் கண்ணாடி மாட்டி, ஒற்றை நாற்காலியோடு தொழில் செய்த முடிதிருத்துவோர், செருப்புத் தைப்போர், தையற்பொறிக்குப் பின்னால் குனிந்திருந்த தையற்காரர், எழுதத் தெரியாத சீனர்களுக்கு ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், கிளிக்கூண்டோடு அமர்ந்த தமிழ்ச் சோதிடர், பூக்கட்டுவோர், வெற்றிலை பாக்கு விற்றோர், காகிதக் கூம்பில் வறுகடலை மடித்துக் கொடுத்த ‘கச்சாங் பூத்தே’க்காரர் என்று பலரும் அங்கேயே பிழைத்தனர். இரவில் ‘ஜாகா’ எனப்பட்ட காவற்காரர், பெரும்பாலும் வட இந்தியர், கடை வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தனர். இத்தொழில்களுக்கெல்லாம் பொதுவான ஒன்று உண்டு: வாடிக்கையாளர் வரும்வரை தொழிலாளி உட்கார்ந்திருக்க வேண்டும், அந்தக் காத்திருப்பில் அவர் கண் தெருவின் மீதே இருக்கும். எந்த வீட்டில் மரணம், எந்தக் கடையில் கடன், எந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் திரிகிறான், எந்தப் புதியவன் நேற்றுக் கப்பலில் வந்திறங்கினான் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காவல் நிலையமும் செய்தித்தாளும் செய்த பணிகளில் ஒரு பங்கை அவர் கூலியின்றிச் செய்துகொண்டிருந்தார். நகரின் மறுபுறம் மார்க்கெட் ஸ்திரீட்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கிட்டங்கி என்னும் நீண்ட கூடங்களில், சிறு பெட்டிக்கு முன் சம்மணமிட்டு அமர்ந்து, கடன் கேட்டு வருபவரின் நடையையும் பேச்சையும் கவனித்தே நம்பிக்கையை எடைபோட்டனர். அங்கும் உட்கார்ந்து பார்த்தல் தொழிலறிவாகவே இருந்தது.

இந்தக் காட்சியில் பெண்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அஞ்சடி பெரும்பாலும் ஆண்களின் இடம். குடும்பத்தை ஊரில் விட்டுத் தனியே வந்த ஆண்களே பல தலைமுறைகளாக இவ்வட்டாரத்தை நிரப்பியிருந்தனர். பெண்கள் தெருவை மேல்மாடிச் சன்னல் வழியாகவும், பெரானாக்கான் எனப்படும் மலாய்ச் சீனக் கலப்புப் பண்பாட்டு வீடுகளில் மேல்தளத் தரையில் அமைக்கப்பட்ட சிறு துளை வழியாகவும் பார்த்தனர். வாசலில் வந்து நிற்பவர் யார் என்பதைத் தாம் வெளிப்படாமலே அறிந்துகொள்ள அத்துளை உதவியது. உட்கார்ந்து பார்க்கும் சுதந்திரம் எவருக்கு எந்த அளவில் கிட்டியது என்பதை அளந்தால், சமூகத்தின் மற்ற ஏற்றத்தாழ்வுகளும் அந்த அளவிலேயே தெரியவரும்.

அஞ்சடியின் அடுத்த படி காப்பிக்கடை. ஹைனானியரும் ஃபூச்சோவ் சீனரும் நடத்திய காப்பிக்கடைகள் பெரும்பாலும் தெருமுனைக் கடைவீடுகளில் அமைந்தன. இரு பக்கம் திறந்திருந்ததால் இரு தெருக்களையும் ஒரே இருக்கையிலிருந்து காண முடிந்தது. சலவைக்கல் பதித்த வட்ட மேசையும் வளைத்த மரத்தாலான நாற்காலியும் அவற்றின் அடையாளம். சூடான காப்பியைத் தட்டில் ஊற்றி ஆற்றிக் குடித்தனர். தமிழ் முஸ்லிம்கள் நடத்திய ‘சரபத்து’க் கடைகளில், பாலும் தேயிலையும் கலந்த பானத்தை ஒரு குவளையிலிருந்து மறு குவளைக்கு நீளமாக இழுத்து ஆற்றிக் கொடுத்தனர், தாரேக் என்னும் மலாய்ச் சொல்லுக்கு இழுத்தல் என்று பொருளாதலால் அது ‘தே தாரேக்’ ஆயிற்று. பால் வேண்டாதவர் ‘தே ஓ’ என்பார், சீனி வேண்டாதவர் வெறுமை என்று பொருள்படும் ‘கோசோங்’ என்னும் சொல்லைச் சேர்ப்பார், இஞ்சி வேண்டுபவர் ‘தே ஹாலியா’ கேட்பார். தமிழர், சீனர், மலாய்க்காரர் மூவரும் ஒரே கலப்புச் சொற்களால் கேட்டு வாங்கியதற்குக் காரணம், அவர்கள் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒருவர் கேட்பதை மற்றவர் காதில் வாங்கியதே.

ஒரு குவளையின் விலைக்கு ஒரு மணி நேர இருக்கை என்பது எழுதப்படாத ஒப்பந்தம். அந்த நேரத்தில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளைப் போலவே செய்தித்தாளும் கைமாறியது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் முயற்சியாகக் கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய ‘தமிழ் முரசு’ தொழிலாளியும் வாங்கக்கூடிய விலையில் வந்தது. எழுத்தறிந்தவர் ஒருவர் படிக்க மற்றவர் கேட்கும் பழக்கத்தால், அச்சான ஓர் இதழ் பல காதுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. சாதி மறுப்பும் கல்வியும் குடியுரிமையும் தமிழ்த் தொழிலாளரிடையே பேசப்பட்ட வரலாற்றை எழுதுவோர் மேடைகளையும் மாநாடுகளையும் குறிப்பிடுகின்றனர். மேடைக்குப் போகாதவரிடம் அக்கருத்துகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது காப்பிக்கடை மேசை என்பதையும் அவ்வரலாற்றில் சேர்த்தெழுத வேண்டும்.

பணம் கொடுத்து வேடிக்கை பார்க்கும் இடங்களும் ஜாலான் புசாரில் எழுந்தன. ஓங் பூன் தாட், ஓங் பெங் ஹோக் என்னும் சகோதரர்கள் 1923இல் தொடங்கிய நியூ வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவில், பங்சாவான் என்னும் மலாய் இசை நாடகமும் சீன வீதி நாடகமும் மற்போரும் நடனக் கூடமும் அருகருகே நடந்தன. நுழைவுக் கட்டணம் செலுத்தியவர் எந்தக் காட்சிக்கும் சீட்டு வாங்காமலே சுற்றித் திரிந்து மக்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்; பலர் அதற்காகவே போயினர். பூங்கா 1987இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 2009இல் திறக்கப்பட்ட பேரங்காடிக்கு அருகே பழைய நுழைவாயில் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. 1929 டிசம்பர் 26இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கோ சிங்கப்பூர்க் காற்பந்தின் தாய்வீடாயிற்று.

அவ்வரங்கத்துக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1942 பிப்ரவரியில் ஜப்பானியர் நகரைக் கைப்பற்றிய சில நாள்களிலேயே, ‘சூக் சிங்’ என்னும் களையெடுப்பு நடவடிக்கையில் சீன ஆண்களைத் திரட்டிச் சோதித்த இடங்களில் ஜாலான் புசார் அரங்கமும் ஒன்று. வெயிலிலும் பசியிலும் நாள் கணக்கில் உட்கார வைக்கப்பட்டவர்களில் பலர், தாங்கள் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதை அறியாமலே லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 17ஆம் நாள், அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் ஏறத்தாழ 45,000 இந்தியச் சிப்பாய்கள் அமர வைக்கப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். தன் விருப்பத்தால் உட்காருவதும் பிறர் ஆணையால் உட்கார வைக்கப்படுவதும் தோற்றத்தில் ஒன்று போலிருந்தாலும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை இவ்வட்டாரம் அந்த மாதத்தில் கண்டது.

போருக்கு முன்பே, 1930களில், ரோச்சோர் கால்வாயோரம் சுங்கை சாலையில் ஒரு பழம்பொருள் சந்தை உருவாகியிருந்தது. திருட்டுப் பொருளும் அங்கே கைமாறியதால் ‘திருடர் சந்தை’ என்று பெயர் வந்தது. ஆனால் அதன் நீண்ட வாழ்வில் பெரும்பகுதி ஏழைகள் ஏழைகளுக்கு விற்ற கதை. பிரிட்டிஷ் படைகள் வெளியேறிய காலத்தில் இராணுவச் சட்டைகளும் காலணிகளும் அங்கே குவிந்தன. பின்னர் நின்றுபோன கடிகாரங்கள், இசைத்தட்டுகள், சுழல்வட்டத் தொலைபேசிகள், பழைய நாணயங்கள், ஒற்றைத் திருகாணிகள்கூட வந்தன. விற்பவர் தரையில் தார்ப்பாய் விரித்து நாள் முழுதும் உட்கார்ந்திருந்தார். வாங்குபவரும் குந்தினால்தான் பொருளைப் பார்க்க முடியும். ஆகவே இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் சந்தித்தன. நின்றுகொண்டு விற்கும் கடைகளில் இல்லாத ஒரு சமநிலை இது. சந்தை 2017 ஜூலை 10இல் மூடப்பட்டது. சில மாதங்களில், அக்டோபர் 21இல், அதன் அருகே ஜாலான் புசார் எம்ஆர்டி ரயில் நிலையம் திறக்கப்பட்டது. போக்குவரத்து வசதி நகரத்துக்குத் தேவையானதே. ஆனால் முதியவர்கள் பகல் முழுவதும் பொருளோடு அமர்ந்திருக்க, கட்டணமின்றி இடம் தந்த கடைசிச் சந்தை அது என்பதால், அதன் இழப்பை ஈடுசெய்ய முடியாத ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

தெருவில் நின்றும் இருந்தும் விற்ற உணவங்காடிக்காரர்கள் 1970களிலும் 1980களின் முற்பாதியிலும் உணவங்காடி நிலையங்களுக்குள் குடியமர்த்தப்பட்டனர். குழாய் நீரும் கழிவுநீர் இணைப்பும் கிடைத்தன, நோய் குறைந்தது. அவ்வுணவங்காடிப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அதே காலத்தில் கடைவீடுகளின் நெரிசலான அறைகளிலிருந்து குடும்பங்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளுக்கு மாறின. அவ்வீடுகளை வடிவமைத்தோர் ஒரு நல்ல காரியம் செய்தனர். புளோக் எனப்படும் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தை வீடுகளின்றித் திறந்தவெளியாக விட்டு, அங்கே கல்மேசைகளும் இருக்கைகளும் அமைத்தனர். சில மேசைகளில் சதுரங்கக் கட்டங்களும் பதிக்கப்பட்டன. அஞ்சடியிலிருந்து எழுந்து வந்த முதியவர்கள் அங்கே மீண்டும் அமர்ந்தனர். ரோவெல் கோர்ட் போன்ற ஜாலான் புசார்ப் புளோக்குகளில் கடைவீட்டு வரிசையும் கீழ்த்தளமும் எதிரெதிராக நிற்பதால், ஒரே வழக்கத்தின் இரு காலகட்டங்களைச் சில அடிகளில் கடந்து செல்லலாம். அண்டை வட்டாரமான லிட்டில் இந்தியா 1989இலும் ஜாலான் புசார் 1991இலும் பாதுகாக்கப்படும் வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டதால் அஞ்சடிகள் இடிபடாமல் தப்பின. எனினும் தூண்களையும் ஓடுகளையும் காக்கச் சட்டம் உண்டு. முக்காலியைக் காக்கச் சட்டம் இல்லை. வாடகை உயர உயரப் பழைய தொழில்கள் நீங்கி, இரும்புக் கடையின் பெயர்ப்பலகையோடு புதுப்பாணிக் காப்பிக் கூடங்கள் டிரிட் சாலையில் வந்தன.

இந்நிலையில் உட்கார்ந்து பார்க்கும் வழக்கத்தை இவ்வட்டாரத்தில் உயிரோடு வைத்திருப்பவர்கள் இந்நாட்டின் குடிமக்கள் அல்லர். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தொழிலாளரும் வங்காளதேசத் தொழிலாளரும் ஞாயிறுதோறும் விடுதிகளிலிருந்து வந்து, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையைச் சுற்றியும் ரேஸ்கோர்ஸ் சாலைத் திடல்களிலும் லெம்பு சாலை வெளியிலும் அமர்கின்றனர். ஊருக்குப் பணம் அனுப்பி முடித்து, சோறு தின்று, ஊர்க்காரரைக் கண்டு, அட்டைத் துண்டையோ செய்தித்தாளையோ விரித்துப் புல்லில் உட்காரும் அந்தச் சில மணி நேரமே அவர்கள் வாரத்தில் தமக்கென்று பெறும் நேரம். நூறாண்டுக்கு முன் அஞ்சடியில் அமர்ந்த தனி ஆண்களின் நேரடி வழித்தோன்றல்கள் இவர்களே. மொழியும் ஊரும்கூடப் பலருக்கு அவையே.

இவர்கள் அமர்வதும் கேள்விக்குள்ளானது. 2013 டிசம்பர் 8 இரவு ரேஸ்கோர்ஸ் சாலையில் தனியார் பேருந்தின்கீழ் சிக்கித் தமிழ்த் தொழிலாளி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதையடுத்து, பொது இடங்களில் மது அருந்துவதை வரையறுக்கும் மதுக்கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்தது. கொவிட்-19 தீநுண்மிப் பரவலின்போது, 2020 ஏப்ரல் முதல், விடுதிகள் அடைக்கப்பட்டன. 2022இல்கூட ஞாயிறன்று லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்கள் முன்கூட்டி அனுமதிச்சீட்டுப் பெற வேண்டியிருந்தது. ஒழுங்குக்கும் நலத்துக்கும் அரசு கூறிய காரணங்கள் இருந்தன. ஆயினும் ஒரு தெருவில் போய் உட்காரவும் சீட்டு வேண்டும் என்னும் நிலை எய்தப்பட்டபோது, 1888இல் எழுந்த கேள்வியே வேறு உருவில் திரும்பி வந்தது என்று வரலாற்று நோக்கில் கூறாமல் இருக்க முடியாது. அவர்கள் வெறுமனே அமர்ந்திருக்கவும் இல்லை. வங்காளப் பத்திரிகையாளர் மோஷின் அதே ரோவெல் சாலையில் தொடங்கிய திபாஷ்ராம் என்னும் கூடத்தில் தொழிலாளர் கவிதை படித்தனர். 2014 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர் கவிதைப் போட்டி நடந்தது. பார்ப்பதற்கு நேரம் கிடைத்தவரிடமிருந்தே எழுத்து வந்தது.

எழுத்தாளரும் ஆய்வாளரும் உட்கார்ந்து பார்க்கும் இவ்வழக்கத்தை வேறு நாடுகளில் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். பிரெஞ்சு எழுத்தாளர் ஜோர்ஜ் பெரெக் 1974 அக்டோபரில் பாரிசில் சேன் சுல்பீஸ் சதுக்கத்தில் மூன்று நாள் அமர்ந்து, பேருந்துகளையும் புறாக்களையும் கடந்து போனவர்களையும், செய்தியாகாத எல்லாவற்றையும் குறித்தார். நியூயார்க்கின் வெளியிடங்களைப் படமெடுத்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980இல் வெளியிட்ட நூலில், மக்கள் கூடுவதற்கு முதற் காரணம் உட்கார இடம் இருப்பதே என்று காட்டினார். பெரெக் மூன்று நாளில் செய்ததை அஞ்சடி முடிதிருத்துவோர் முப்பது ஆண்டு செய்தனர். வேறுபாடு ஒன்றே: அவர்கள் எழுதி வைக்கவில்லை.

அந்தக் குறையை ஓரளவு நீக்கியது சிங்கப்பூரில் 1979இல் தொடங்கப்பட்ட வாய்மொழி வரலாற்றுப் பிரிவு. மறைந்துவரும் தொழில்களைச் செய்தவர்களின் நினைவுகளை அது ஒலிநாடாவில் பதிந்து தேசிய ஆவணக் காப்பகத்தில் சேர்த்தது. தமிழில் பேசியவர்களின் பதிவுகளும் அவற்றுள் உண்டு. பூ விற்றவர், கடலை விற்றவர், கூலி வரிசைகளில் வாழ்ந்தவர், காப்பிக்கடையில் பத்திரிகை படித்தவர் ஆகியோரில் இன்னும் நம்மிடையே இருப்பவர்கள் முதுமையின் எல்லையில் இருக்கின்றனர். லிட்டில் இந்தியாவிலும் ஜாலான் புசாரிலும் அத்தகைய பெரியவரை வீட்டில் கொண்டுள்ள ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும், இந்த ஆண்டிலேயே அவர் பக்கத்தில் அமர்ந்து, அஞ்சடியில் அவர் கண்டதைக் கேட்டுப் பதிந்து வைக்க வேண்டும்.